எத்தனை பேர் போகிறீர்கள்?

"நல்ல ஏசியன் ரெஸ்டாரண்ட் ஒண்ணு சொல்லேன்" என்று யாராவது கேட்டால், மூன்று வருடங்களுக்கு முன்புவரை நான் ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை. பட்டியல் தயாராக இருக்கும். எந்தக் கடையில் சூப் நன்றாக இருக்கும், எங்கே நூடுல்ஸைக் கையால் இழுக்கிறார்கள், எங்கே சமையல்காரர் மாறியதிலிருந்து ருசி இறங்கிவிட்டது என்பதெல்லாம் மனப்பாடம். பெரிய நகரத்தில் வாழ்வதில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். ஒரே தெருவில் நான்கு நாடுகளின் அடுப்பு எரியும். சம்பளத்தில் கணிசமான பங்கு அந்தத் தெருக்களில்தான் போயிருக்கிறது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. யார் கேட்டாலும் பட்டியலில் முதலில் இருக்கும் கடையின் பெயரைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து நன்றி சொல்வார்கள். நல்ல கடை என்றால் எல்லோருக்கும் நல்ல கடைதானே என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை உடைந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடைத்தவர் என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா. தன் அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது திருமண நாள் வருகிறது, வித்தியாசமாக எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஏசியன் சாப்பாடு அவர்கள் சாப்பிட்டதே இல்லை, எங்கே போகலாம் என்று கேட்டார். நான் உடனே எனக்கு மிகவும் பிடித்த ராமென் கடையைச் சொன்னேன். ராமென் என்றால் ஜப்பானிய நூடுல்ஸ் சூப். அந்தக் கடையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியும் இருப்பேன். பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, பால்போல வெளுத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சும் சூப். மெல்லிய, நேரான நூடுல்ஸ். காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்ட ஒரு உப்பு நீரைச் சேர்த்துப் பிசைவதால் அந்த நூடுல்ஸுக்கு வரும் துள்ளல். எல்லாம் சொன்னேன். அக்கா குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த "நல்லா இருந்தது" எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. நன்றாக இருந்திருந்தால் யாரும் இரண்டு சொல்லில் நிறுத்த மாட்டார்கள். எந்த ராமென் சாப்பிட்டார்கள், முட்டை எப்படி இருந்தது என்று ஏதாவது ஒன்றாவது வந்திருக்கும். நானும் மேலே கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து, ஒரு மாலை இருவரும் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். கடையில் மொத்தம் பதினோரு இருக்கைகள், எல்லாம் சமையலறையைப் பார்த்த நீளமான ஒரே பலகைக்கு முன்னால். முன்பதிவு கிடையாது. வெளியே நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு ஒன்றாக இடம் கிடைக்காததால், காலியானபடி உட்கார வைத்திருக்கிறார்கள். அக்காவும் குழந்தையும் ஒரு முனையில், கணவரும் அம்மாவும் நடுவில், அப்பா தனியாக மறு முனையில், முழங்கால் வலியோடு ஒரு உயரமான ஸ்டூலில். "அப்பா சூப் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னார்" என்றார் அக்கா. "பக்கத்துல இருந்த முன்னப்பின்ன தெரியாத ஒரு பையன்கிட்ட. திரும்பிப் பார்த்தா நாங்க யாரும் பக்கத்துல இல்ல, அதான் அவன்கிட்ட சொன்னேன்னு வீட்டுக்கு வந்து சொன்னார்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பேர், அதைக் கொண்டாடப் போன இடத்தில் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து அவரவர் கிண்ணத்தைக் குனிந்து காலி செய்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் நான். கடை எந்தத் தவறும் செய்யவில்லை. சூப் அன்றைக்கும் நன்றாகவே இருந்திருக்கிறது.

கடைக்குள் இருக்கும் எண்

அன்று இரவு ராமென் கடைகளைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தவற்றையே திரும்ப யோசித்தேன். நூடுல்ஸ் சூடான சூப்பில் விழுந்த கணத்திலிருந்து ஊறத் தொடங்குகிறது. சில நிமிடங்களில் அதன் உயிர் போய்விடும். அதனால்தான் வேகமாகச் சாப்பிடுகிறார்கள், உறிஞ்சும் சத்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஜப்பானின் ஹகாட்டா பகுதிப் பாணியில் நூடுல்ஸ் மிக மெல்லியது என்பதால் முதலில் அளவாகவே போடுவார்கள். தீர்ந்ததும் "கயேடாமா" என்று கேட்டால், மிச்சமிருக்கும் சூப்பில் புதிதாக வெந்த நூடுல்ஸைப் போட்டுத் தருவார்கள். ஜப்பானில் பல கடைகளில் வாசலிலேயே இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும், யாரிடமும் பேச வேண்டிய தேவைகூட இல்லை. அந்த நீளப் பலகை, அந்த ஸ்டூல், அந்த வேகம் எல்லாமே தனியாக வரும் ஒருவரை மனதில் வைத்து அமைந்தவை. எனக்கு அந்தக் கடை பிடித்ததற்கும் அதுதான் காரணம். நான் அங்கே எப்போதும் தனியாகத்தான் போயிருக்கிறேன். ஒருவருக்கான கடையை ஐந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இது புரிந்த பிறகு மற்ற கடைகளும் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு வகைச் சாப்பாட்டுக்குள்ளும் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. சீனச் சாப்பாடு என்றால் எட்டு, பத்து பேர். வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு. யாரும் தனக்கென்று ஒரு தட்டு சொல்லிக்கொள்வதில்லை. ஆள் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வகைகள் சொல்வது நல்ல கணக்கு. முழு மீன் ஒன்று, கீரை ஒன்று, டோஃபு என்ற சோயாக் கட்டி ஒன்று, ஒரு சூப் என்று மேசை நிறையும்போதுதான் அந்தச் சமையல் என்ன சொல்ல வருகிறது என்று புரியும். அதே கடைக்கு இரண்டு பேர் போனால் இரண்டு தட்டும் சோறும்தான். பாதியில் திகட்டிவிடும், அப்புறம் "சீனச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது" என்பார்கள். சாப்பாட்டின் மேல் பழி விழும். இரண்டு பேருக்கு எண் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

கொரியன் பார்பிக்யூவுக்கு எண் நான்கு. மேசை நடுவில் அடுப்பு, ஒருவர் இறைச்சியைப் புரட்ட வேண்டும், ஒருவர் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும், மற்றவர்கள் இலையில் மடித்து வாயில் போட வேண்டும். பல கடைகளில் இரண்டு பேருக்கான அளவுக்குக் குறைவாக இறைச்சி தரவே மாட்டார்கள். தனியாகச் சாப்பிடுவதைக் குறிக்க "ஹொன்பாப்" என்று கொரியர்கள் ஒரு சொல்லையே உருவாக்கியிருக்கிறார்கள். தனியே என்பதையும் சோறு என்பதையும் சேர்த்துச் செய்த சொல். கூடிச் சாப்பிடுவது அங்கே எவ்வளவு இயல்பு என்பது அந்தச் சொல் தேவைப்பட்டதிலேயே தெரிகிறது. தனியாகப் போகிற நண்பருக்குக் கொரியக் கடை சொல்வதானால், நான் சூடான கல் சட்டியில் பிபிம்பாப் என்ற காய்கறி கலந்த சோறு தரும் சின்னக் கடையைச் சொல்வேன். சட்டியின் அடியில் சோறு முறுகும் சத்தம் ஒரு ஆளுக்குப் போதுமான துணை. பான்சான் என்ற குட்டிக் குட்டிப் பக்க உணவுகளும் கூடவே வரும், தீர்ந்தால் பெரும்பாலும் காசு கேட்காமல் நிரப்புவார்கள்.

தாய்லாந்துச் சாப்பாட்டுக்கு மூன்றிலிருந்து ஐந்து. இதை நிறையப் பேர் தனித் தட்டாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஆளுக்கொரு பாட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ், ஆளுக்கொரு பச்சைக் குழம்பு. அந்த ஊர் வழக்கமோ ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு, நடுவில் நாலைந்து வகை. புளிப்பு தூக்கலான சூப், தேங்காய்ப்பால் குழம்பு, காரமான சாலட், வறுத்தது ஒன்று. ஒரு தட்டிலேயே எல்லாச் சுவையும் சமமாக இருக்க வேண்டியதில்லை, மேசை முழுக்கச் சேர்ந்து சமமானால் போதும். பப்பாளி சாலடை மட்டும் தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் காரம் தாங்கவில்லை என்று சொல்கிறவர், பக்கத்தில் தேங்காய்ப்பால் குழம்பு இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இன்னொன்று, அங்கே ஸ்பூனும் ஃபோர்க்கும்தான் வழக்கம். குச்சி பெரும்பாலும் நூடுல்ஸுக்கு மட்டும். குச்சி பிடிக்கத் தெரியாது என்று கூச்சப்படுகிற பெரியவர்களுக்கு நான் தாய் கடை சொல்வதற்கு இதுவே ஒரு காரணம்.

சுஷி பலகைக்கு எண் இரண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய டோக்கியோவான எடோவில், தெருக்கடையில் நின்றுகொண்டே கையால் எடுத்துச் சாப்பிட்ட அவசரச் சாப்பாடுதான் நிகிரி சுஷி. இன்றைக்கும் கையால் சாப்பிடலாம், தவறே இல்லை. சமையல்காரருக்கு எதிரே உட்கார்ந்து "ஒமகாசே", அதாவது உங்கள் விருப்பப்படி கொடுங்கள் என்று ஒப்படைத்துவிட்டால், ஒவ்வொன்றாகக் கையில் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் வந்தால் நடுவில் இருப்பவர் மாறி மாறித் திரும்ப வேண்டும். அதே ஜப்பானில் இஸகாயா என்ற மதுக்கடை என்றால் எண் கூடிவிடும். குடிக்கக் குடிக்கச் சின்னச் சின்னத் தட்டாக வந்துகொண்டிருக்கும், ஆறு பேர் மூன்று மணி நேரம் உட்காரலாம். கேட்காமலே முதலில் ஒரு குட்டிக் கிண்ணம் வைப்பார்கள். ஒதோஷி என்று பெயர், அதற்குப் பணமும் உண்டு. இதைத் தெரியாமல் போனவர்கள் பில்லைப் பார்த்துக் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கடையைச் சொல்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நட்சத்திரம் சொல்லாதது

அதற்காக எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடை சொல்லிவிட முடியாது. வேளையும் முக்கியம். ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் வியட்நாமில் முதலில் காலை உணவு. சுட்ட இஞ்சியும் வெங்காயமும் அன்னாசிப்பூவும் பட்டையும் போட்டு மாட்டெலும்பைப் பல மணி நேரம் காய்ச்சிய சூப் காலையில் ஒரு மாதிரி இருக்கும், இரவு ஒன்பது மணிக்கு அடிப்பாத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். தென்சீனாவின் கான்டனியர்கள் சின்னச் சின்னத் தட்டுகளாகச் சாப்பிடும் டிம் சம் வழக்கத்துக்குப் பெயரே "யம் சா", தேநீர் குடிப்பது என்றுதான் பொருள். காலையில் தொடங்கி மதியத்தோடு முடிகிற விஷயம் அது. இரவில் டிம் சம் தேடி அலையும் நண்பரிடம் "ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போ" என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் உதவி. பக்கத்தில் இருப்பவர் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி என்று பொருள். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லி அனுப்பினால் குழந்தைகளுக்கு அன்றைக்கு முழுக்க அதுவே விளையாட்டு.

யார் போகிறார்கள் என்பதும் அப்படித்தான். சைவம் சாப்பிடுகிறவருக்கு "டோஃபு கிடைக்கும், சமாளிச்சுக்கலாம்" என்று நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். தாய், வியட்நாம் சமையலில் உப்புக்குப் பதில் மீன் சாஸ் போகும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிப்படையான டாஷியில் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் இருக்கும். கொரியர்களின் ஊறுகாயான கிம்ச்சியில் பொதுவாக உப்பிட்ட இறால் அல்லது நெத்திலி இருக்கும். கண்ணுக்குத் தெரிவது முட்டைக்கோஸ்தான். சீனாவிலும் தைவானிலும் பௌத்த வழக்கத்தில் வந்த சைவக் கடைகள் உண்டு, அவற்றில் பலவற்றில் வெங்காயம் பூண்டுகூடப் போட மாட்டார்கள். பெரிய நகரங்களில் தேடினால் அப்படி ஒன்றாவது கிடைக்கும். ஹலால் வேண்டும் என்பவர்களுக்குச் சீனாவின் லான்சோ நகரத்து மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை. அது சீனாவின் ஹுய் இன முஸ்லிம்களின் சமையல், மாவை இழுத்து இழுத்து நூலாக்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சீனாவின் சிச்சுவான் பகுதிச் சமையல் கடைக்கு முதல்முறை போகிறவரிடம், நாக்கு மரத்துப்போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லியே அனுப்ப வேண்டும். அங்கே போடும் சிச்சுவான் மிளகில் உள்ள ஒரு பொருள் நாக்கின் தொடு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. உதட்டில் வைத்துச் சோதித்தபோது வினாடிக்குச் சுமார் 50 தடவை அதிரும் ஒன்றைத் தொட்ட உணர்வை அது தருவதாக 2013இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. இது தெரியாமல் ஒவ்வாமை வந்துவிட்டதோ என்று பதறி எழுந்த ஒருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உண்மையிலேயே வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர் கூட வருகிறார் என்றால் அது வேறு. அதைக் கேட்காமல் கடையைச் சொல்வது ஆபத்து.

இணையத்தில் கடைக்குக் கிடைக்கும் நட்சத்திரங்கள் இதில் எதையும் சொல்வதில்லை. தனியாகப் போனவர் கொடுத்த ஐந்தும், குடும்பத்தோடு போய் நின்று கால்வலித்தவர் கொடுத்த இரண்டும் கூட்டப்பட்டு ஒரு மூன்றரை ஆகும். அந்த மூன்றரை இருவரில் யாருடைய அனுபவமும் இல்லை. மிஷெலின் வழிகாட்டியையே எடுத்துக்கொள்வோம். 1900இல் டயர் நிறுவனம் ஒன்று கார் ஓட்டிகளுக்காகப் போட்ட புத்தகம் அது. இரண்டு நட்சத்திரம் என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம் என்று பொருள் வைத்தார்கள். எவ்வளவு தூரம் போகலாம் என்று அது சொல்லும். யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லாது. 2016இல் சிங்கப்பூரின் இரண்டு சிறு உணவுக் கடைகளுக்கு அதே வழிகாட்டி நட்சத்திரம் கொடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த மாதிரிக் கடையில் வரிசையில் நின்று, தட்டை நாமே தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பட்டுப்புடவையோடு போகிறவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

என் கருத்தில் நான் மாறிய இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சுஷி, பாட் தாய், சீன நூடுல்ஸ் எல்லாவற்றையும் ஒரே மெனுவில் வைத்திருக்கும் "பான் ஏசியன்" கடைகளை நான் ஒருபோதும் சொன்னதில்லை. எல்லாம் செய்கிறவர் எதையும் ஆழமாகச் செய்ய முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் பதினான்கு பேர், அதில் மூவர் சைவம், ஒருவர் மாட்டிறைச்சி தொடாதவர், இருவர் காரம் தாங்காதவர் என்று போகும்போது, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைச் சாப்பிட முடிவது அந்தக் கடையில்தான். அந்தக் கூட்டத்துக்கு அதுவே நல்ல கடை. முன்பு இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

நாற்பத்தொன்று

மறு வருடம் அக்காவிடம் நானே போய்க் கேட்டேன். "அப்பா அம்மாவோட திருமண நாள் வருதே, இந்தத் தடவையும் நான் ஒரு கடை சொல்லட்டுமா?" அக்கா கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயமானது. பிறகு சரி என்றார். எத்தனை பேர் என்று கேட்டேன். ஏழு, அண்ணன் குடும்பமும் வருகிறது. மதியமா இரவா? அப்பா இரவில் தாமதமாகச் சாப்பிட மாட்டார், மதியம். படி ஏற முடியுமா? ஒரு மாடி ஏறுவார், அதற்கு மேல் வேண்டாம். மெல்லுவதில் சிரமம் உண்டா? அம்மாவுக்குக் கொஞ்சம். சத்தம் பிடிக்குமா? அப்பாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. இந்த ஐந்தாவது பதில் வரை எனக்கு அவர்களைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு கான்டனீஸ் கடையைச் சொன்னேன். ஆவியில் வேகவைத்த மென்மையான சாப்பாடு, வட்ட மேசை, முன்பதிவு உண்டு, தரைத்தளம். ஓரத்து மேசை கேளுங்கள், நடுவில் சத்தமாக இருக்கும் என்றேன். பதினொரு மணிக்கே போய்விடுங்கள் என்றேன். என் பட்டியலில் அந்தக் கடை முதல் பத்தில்கூட இல்லை. சூப் சாதாரணம், இறால் கொழுக்கட்டையின் மேல்தோல் கொஞ்சம் தடிமன். அதையும் மறைக்காமல் சொன்னேன். நான் எனக்காக அங்கே போக மாட்டேன்.

திங்கட்கிழமை அக்கா என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோழிக்கால் ஒன்று கொண்டுவந்து வைத்தார்களாம், அம்மா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், அப்பா மட்டும் எடுத்துச் சாப்பிட்டாராம். பில்லில் தேநீருக்குத் தனியாகப் போட்டிருந்தார்கள், அதை நீ சொல்லவில்லையே என்றார். ஆமாம், மறந்துவிட்டேன். முட்டைக் கஸ்டர்டு டார்ட்டில் இரண்டாவது தட்டு வாங்கினார்களாம். சுழல் தட்டைப் பிள்ளைகள் வேகமாகச் சுற்றியதில் சாஸ் கிண்ணம் ஒன்று அண்ணன் சட்டையில் கவிழ்ந்ததாம். அப்பாவின் நல்ல காது அம்மா பக்கம் இருக்கும்படி இடம் மாற்றி உட்கார வைத்தார்களாம். இருபது நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பாடு நன்றாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.